அரங்கும் ஆடுகளமும்: காவிரிப் படுகையில் விளையாட்டு உளவியல் உயர்கல்வி

பயிற்சியின்போது பிசகாமல் வந்த திறன், பலர் பார்த்திருக்கும் வேளையில் சிலருக்கு மேலும் கூர்மை பெறுவதும் சிலருக்குக் கைவிட்டுப் போவதும் ஏன் என்னும் கேள்வியிலிருந்து வளர்ந்த துறை விளையாட்டு உளவியல். அதே கேள்வியை மேடையில் பாடுபவர், ஆடுபவர், கருவி இசைப்பவர் ஆகியோரிடமும், குறித்த நேரத்தில் பிழையின்றிச் செயல்பட்டாக வேண்டிய அறுவை மருத்துவர் போன்றோரிடமும் எழுப்பும் பிரிவு நிகழ்த்துகை உளவியல் எனப்படுகிறது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் முன்னது உடற்கல்வித் துறைகளின் ஓரத்தில் நிற்கிறது. பின்னதற்கு ஒரு பெயர்கூட இன்னும் நிலைபெறவில்லை. கபடிக் களமும் கச்சேரி மேடையும் ஒரே ஊரில் இயங்கும் தஞ்சை வட்டாரத்தை முன்வைத்து, இத்துறை இதுவரை கண்டறிந்தவை எவை, அதனை உயர்கல்வியாகப் பயில இங்குள்ள வழிகள் யாவை, அக்கல்வி வேரூன்றத் தேவைப்படுவது என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

துறையின் தோற்றமும் அதன் ஐயங்களும்

1898ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் டிரிப்ளெட், மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தனியே ஓட்டுவதைக் காட்டிலும் பிறரோடு ஓட்டும்போது விரைந்து ஓட்டுவதைப் பந்தயப் பதிவேடுகளில் கண்டு, 40 சிறுவர் சிறுமியரைத் தூண்டில் உருளையைச் சுற்றச் செய்து அதனைச் சோதித்தார். பாடநூல்கள் பலவும் இதனையே துறையின் முதற் சோதனையாகக் குறிக்கின்றன. எனினும் 2005இல் அந்தப் பழைய எண்களை இன்றைய புள்ளியியல் முறையில் மீண்டும் கணக்கிட்டபோது, அவர் கண்டதாகச் சொல்லப்பட்ட விளைவுக்கு மிகக் குறைந்த சான்றே தேறியது. 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கும் இத்தகைய கதை உண்டு. உடலும் உள்ளமும் எந்த அளவுக்கு முடுக்கிவிடப்பட்டுள்ளன என்பதைக் கிளர்வுநிலை என்பர். அது ஓரளவு வரை ஏறும்போது செயல்திறன் கூடும், அதற்கு மேல் ஏறினால் குறையும் என்று கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற வளைகோட்டால் காட்டப்படும் விதி, மின்னதிர்ச்சி தரப்பட்ட சுண்டெலிகளிடமிருந்து பெறப்பட்டது. விளையாட்டு வீரருக்கு அது பின்னாளில் பொருத்தப்பட்டது. ஒவ்வொருவருக்கும் உகந்த கிளர்வு மண்டலம் வேறு வேறு என்று யூரி ஹானின் பின்னர் நிறுவ முயன்றது, இந்தப் பொது வளைகோடு தனி மனிதருக்குப் போதாது என்பதனாலேயே.

கோல்மன் கிரிஃபித் 1925இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வகம் தொடங்கியதும், 1965இல் ரோம் நகரில் பன்னாட்டு விளையாட்டு உளவியல் கழகம் உருவானதும் துறையின் நிறுவன வரலாற்றில் முக்கியமான கட்டங்கள். ஒரு மாணவர் முதுநிலைப் படிப்பின் முதற் பருவத்தில் கற்க வேண்டியது இந்த ஆண்டுகளை மட்டுமன்று. பரவலாகச் சொல்லப்படும் ஒரு விதி யாரிடம், எத்தனை பேரிடம், எந்தச் சூழலில் சோதிக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கமே அவர் முதலில் பெற வேண்டியது. இளநிலைக் கல்வி விதிகளைத் தருகிறது என்றால், உயர்கல்வி அவ்விதிகளின் வரம்பைக் காட்ட வேண்டும்.

பாடத்தின் உள்ளடக்கம்

முதுநிலைப் பாடத்தின் நடுவே பதற்றம் பற்றிய ஆய்வுகள் உள்ளன. நெஞ்சு படபடத்தல், கை வியர்த்தல் போன்ற உடற்குறிகள் உடற்பதற்றம் என்றும், தோற்றுவிடுவோமோ என்னும் எண்ணம் மனப்பதற்றம் என்றும் பிரிக்கப்படுகின்றன. போட்டி தொடங்கியதும் உடற்பதற்றம் பெரும்பாலும் தணிந்துவிட, மனப்பதற்றம் ஆட்டத்தின் போக்கோடு ஏறி இறங்கும் என்பதால் இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி தேவைப்படுகிறது. இதனை அடுத்து வருவது கவனம். நன்கு பழகிய திறனைச் செய்யும்போது ஒருவர் தம் கைகால் அசைவையே உற்றுக் கவனிக்கத் தொடங்கினால், தானாக ஓடிக்கொண்டிருந்த செயல் துண்டு துண்டாக உடைந்துவிடும் என்பதைச் சையன் பைலாக், தாமஸ் கார் ஆகியோர் 2001இல் கோல்ஃப் ஆட்டத்தை வைத்துக் காட்டினர். புதிதாகக் கற்பவருக்கு உதவும் அதே கவனம், தேர்ந்தவருக்கு நெருக்கடியில் தடையாக மாறுகிறது.

வெற்றி தோல்விகளுக்கு ஒருவர் கற்பிக்கும் காரணங்களை ஆராய்வது மற்றொரு பிரிவு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி, தோல்வியின் காரணத்தைத் தமக்கு வெளியே தேடும் இயல்பை நகையாக்குகிறது. உளவியலார் அதே இயல்பைக் காரணம் உள்ளே உள்ளதா வெளியே உள்ளதா, நிலையானதா மாறக்கூடியதா, தம் கட்டுக்குள் வருவதா வராததா என்று மூன்று அச்சுகளில் அளக்கின்றனர். இவற்றோடு, அசைவை உடலால் செய்யாமல் உள்ளத்தில் நிகழ்த்திப் பார்க்கும் மனக்காட்சிப் பயிற்சி, ஆடுபவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் தன்னுரை, ஒரு குறிப்பிட்ட செயலைத் தம்மால் செய்ய முடியும் என்னும் தன்னாற்றல் நம்பிக்கை, அணியின் பிணைப்பு ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன.

விளையாட்டையும் கலையையும் இணைக்கும் பாலம் பயிற்சி பற்றிய ஆய்வில் அமைந்தது. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய இரு உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, பெர்லினில் வயலின் பயின்ற மாணவருள் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனிப்பயிற்சி செய்திருந்ததைக் காட்டியது. இந்த எண்ணைக் கேட்டதும், புகாரில் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதாகச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறுவது தமிழ் மாணவருக்கு நினைவுக்கு வருவது இயல்பே. நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்று கொண்டு பெருக்கினால் 10,220 மணி வருகிறது. ஆனால் நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று காப்பியம் சொல்லவில்லை. அந்த நான்கு, கணக்குப் போடுபவர் சேர்த்த எண். முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று காட்டும் அவசரத்தில் இத்தகைய பொருத்தங்கள் சான்றாகிவிடக் கூடாது. மேலும் 2014இல் புரூக் மக்னமாரா முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, மனிதருக்கு மனிதர் காணும் திறன் வேறுபாட்டில் இசையில் 21 விழுக்காட்டையும் விளையாட்டில் 18 விழுக்காட்டையும் மட்டுமே திட்டமிட்ட பயிற்சி விளக்கியது. எஞ்சியது எதனால் என்பது இன்றும் திறந்த கேள்வி.

கல்வி நிலையங்களும் அவற்றுக்கிடையே உள்ள சுவரும்

இந்தியாவில் இத்துறை உடற்கல்வியின் வழியே நுழைந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1957இல் குவாலியரில் தோன்றி இன்று லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் எனப்படும் கல்லூரி, 1961இல் பாட்டியாலாவில் பயிற்றுநர்களை உருவாக்க நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் ஆகியவற்றில் உளவியல் ஒரு துணைத்தாளாகவே தொடங்கியது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானபின், விளையாட்டு உளவியலும் சமூகவியலும் அங்கு ஒரு தனித்துறையாக இடம்பெற்றன. தஞ்சை மாவட்டத்து மாணவர் இத்துறையை அதன் பெயரிலேயே பயில விரும்பினால், அப்பல்கலைக்கழகம் இயங்கும் சென்னைக்கு அருகிலுள்ள மேலக்கோட்டையூருக்கோ அதைவிடத் தொலைவுக்கோ செல்ல வேண்டியுள்ளது.

ஆனால் இத்துறைக்கு வேண்டிய உறுப்புகள் காவிரிப் படுகையில் இல்லாமல் இல்லை, தனித்தனியே கிடக்கின்றன. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் இயங்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியலும் இசையும் கற்பிக்கப்படுகின்றன. கொள்ளிடத்தின் வடகரையில் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையும் உடற்கல்வி மற்றும் விளையாட்டு அறிவியல் துறையும் இருக்கின்றன. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, யோகா துறையும், 1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசை, நாடகத் துறைகளும், திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியும் உள்ளன. மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும், தஞ்சையில் அன்னை சத்யா விளையாட்டரங்கமும் களங்களாக அமைந்துள்ளன.

இவற்றைப் பிரிப்பது தொலைவைவிட நுழைவுத் தகுதியே. உடற்கல்வி வழியில் வருபவருக்குக் களம் தெரியும். உளச்சோதனைகளைக் கையாளவும் நோயின் அறிகுறியை இனங்காணவும் போதிய பயிற்சி இராது. உளவியல் வழியில் வருபவருக்கு அவை தெரியும். ஆனால் தாண்டுதல் பலகையை மிதிக்கும் கால் ஓர் அங்குலம் முன்னே போனால் என்ன ஆகும் என்பது தெரியாது. இசை பயின்றவர் இவ்விரு வாயில்களிலும் நுழைய இயலாதவராகவே இருக்கிறார். ஒரு துறையின் மாணவர் மற்றொரு பல்கலைக்கழகத்தில் பயின்ற தாளுக்கு மதிப்பலகு பெறும் ஏற்பாடு பரவலானால் இச்சுவர் பெருமளவு தாழும்.

பட்டத்துக்குப் பின் வரும் சிக்கல் பெயரைப் பற்றியது. பிரிட்டனில் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியலாளர் என்னும் பட்டப்பெயர் 2009 முதல் சட்டப் பாதுகாப்பு உடையது; உரிய பயிற்சி முடித்துப் பதிவு செய்யாதவர் அதனைப் பயன்படுத்த முடியாது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு உண்டு. விளையாட்டு உளவியலாளருக்கென்று தனிப் பதிவு இல்லை. அதனால் இரண்டாண்டு முதுகலை முடித்தவரும் இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் பெற்றவரும் ஒரே பெயர்ப்பலகையைத் தொங்கவிட முடிகிறது. 2008 முதல் 2011 வரை இந்தியக் கிரிக்கெட் அணியோடும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சதுரங்க வாகையரான சென்னையின் குகேஷோடும் பணியாற்றிய பேடி அப்டன், மனப்பயிற்சியாளர் என்றே அறியப்படுகிறார். வெற்றிகளின் வெளிச்சத்தில் இப்பணி மீது ஆர்வம் பெருகியிருக்கும் இந்நேரத்தில், தகுதியை வரையறுப்பது மேலும் அவசரமாகிறது.

படுகையின் களங்கள்

திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த பிரவீன் சித்திரவேல் 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டி மும்முறைத் தாண்டுதலில் தேசியச் சாதனை படைத்தவர். அதற்கு முந்தைய ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அவர் 16.89 மீட்டர் தாண்டி நான்காமிடம் பெற்றார், வெண்கலம் 16.92 மீட்டருக்குச் சென்றது. அந்த 3 சென்டிமீட்டருக்கு மனமே காரணம் என்று எவரும் சொல்லிவிட முடியாது; காற்று, ஓட்டத்தின் தாளம், பலகையில் கால் விழுந்த இடம் ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். விளையாட்டு உளவியலின் எல்லையை மாணவருக்கு உணர்த்த இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கி மனத்தை ஊகிப்பது ஆய்வாகாது. பல தாண்டல்களின் தொடர்ப்பதிவு இருந்தால்தான் அது ஆய்வாகும்.

அத்தகைய தொடர்ப்பதிவுக்குக் கபடி வாய்ப்பான களம். தஞ்சைக்கும் மன்னார்குடிக்கும் இடையிலுள்ள வடுவூர் போன்ற ஊர்களில் கபடி வாழ்வோடு கலந்தது. சம்பா அறுவடை முடிந்தபின் ஊர்தோறும் மின்னொளியில் இரவுப் போட்டிகள் நடக்கின்றன. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபின் பரவலாக அறியப்பட்ட விதி ஒன்றின்படி, தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பிய அணி தன் மூன்றாவது ரைடில், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்லும் முறையில், புள்ளி எடுத்தே ஆக வேண்டும். தவறினால் ரைடர் வெளியேற வேண்டும். ஒரே ரைடர், ஒரே களம், அதே 30 விநாடி. மாறுவது நெருக்கடியின் அளவு. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்க வேண்டிய நெருக்கடியை இந்த விதி ஓர் ஆட்டத்தில் பலமுறை உருவாக்கித் தருகிறது. ஆயினும் கவனமற்ற ஆய்வாளர் இங்கே வழுக்கி விழக்கூடும்: ரைடர் தொட்டே ஆக வேண்டும் என்பது எதிரணிக்கும் தெரியும் என்பதால் அவர்கள் பின்வாங்கிக் காத்திருப்பார்கள், புள்ளி குறைந்தால் அது ரைடரின் பதற்றத்தாலா, பிடிப்பவர்களின் உத்தியாலா என்பதைக் காணொளியைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். நெல் சார்ந்த ஊரில் ஆய்வுக் காலமும் நெல்லைச் சார்ந்ததே. ஐப்பசி, கார்த்திகை மழையில் களம் சேறாகும். நடவு, அறுவடைக் காலங்களில் வீரர்கள் வயலில் இருப்பார்கள். பயிற்சிச் சுமை பற்றிய வினாத்தாளில் வயல் வேலைக்கு ஒரு கட்டம் இல்லையென்றால் அந்த வினாத்தாள் பாதி நாளைக் காணாமல் விட்டுவிடும்.

மேடைக்கலை பக்கம் திரும்பினால், ஒரு நாகசுரக் கலைஞர் வாசிப்பதற்கு முன் செய்வதைக் கூர்ந்து பார்ப்பதே ஒரு பாடம். கருவியிலிருந்து தொங்கும், சீவாளி எனப்படும் ஊதுநாக்குகளுள் ஒன்றை எடுத்து, உதட்டில் ஈரப்படுத்தி, தனியே ஊதிப் பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றி, பொருத்தியபின் சுருதியோடு ஒருமுறை சேர்த்துப் பார்த்த பிறகே அவர் இராகத்தைத் தொடுகிறார். கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்யப்படும் சீவாளி ஈரத்துக்கும் வெயிலுக்கும் குணம் மாறும் என்பதால் இது தேவையான தொழில் ஒழுங்கு. அதே வேளையில், கவனத்தை அவையிலிருந்து விலக்கிக் கையிலுள்ள பணியின் மேல் நிறுத்தும் முன்னொழுங்கு என்று உளவியலார் சொல்வதும் இதுவே. கோட்டைக் கடக்குமுன் மண்ணைத் தொட்டு வணங்கும் கபடி வீரருடைய செயலையும் இதனோடு வைத்து ஒப்பிடலாம். தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பரதக் கச்சேரி முறையில் அலாரிப்பு முதலில் வருவதும், மிகக் கடினமான வர்ணம் உடலும் மனமும் பதப்பட்ட பின்னர் நடுவில் அமைவதும் இந்நோக்கில் ஆராயத்தக்கவை. கலைஞரின் மேடைப்பதற்றத்துக்கு மருந்தும் பயன்படுத்தப்படுகிறது. இதயத் துடிப்பையும் கைநடுக்கத்தையும் தணிக்கும் பீட்டா தடுப்பான்கள் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் தடை செய்யப்பட்டவை, இசைமேடையில் அத்தகைய தடை எதுவும் இல்லை என்னும் வேறுபாடு முதுநிலை வகுப்பில் விவாதிக்கத்தக்க அறக்கேள்வி.

அளவுகோலின் மொழி

இத்துறையின் பெரும்பாலான அளவுகோல்கள் வினாத்தாள்கள். அவை ஆங்கிலத்தில் உருவானவை. அவற்றைத் தமிழாக்கி, அந்தத் தமிழை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. அளக்க வேண்டியதையே அளக்கும் தன்மை ஏற்புடைமை என்றும், மீண்டும் அளந்தாலும் அதே விடை தரும் தன்மை நம்பகம் என்றும் வழங்கப்படுகின்றன. சொற்களை மாற்றிவைப்பதால் மட்டும் ஏற்புடைமை வந்துவிடாது. போட்டிக்கு முன் ஒரு தஞ்சை இளைஞர் வயிற்றைக் கலக்குகிறது, கைகால் உதறுகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று உடலைக் கொண்டே தம் கவலையைச் சொல்கிறார். இதனை உடற்பதற்றம் என்ற கட்டத்தில் மட்டும் பதிந்தால் அவருக்கு மனப்பதற்றமே இல்லை என்று முடிவாகிவிடும். சபைக்கூச்சம் என்ற சொல்லிலோ அச்சமும் நாணமும் பெரியோர் முன் காட்ட வேண்டிய அடக்கமும் ஒன்றாகக் கலந்துள்ளன.

தன்னம்பிக்கையை அளக்கும் வினாக்களில் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. இன்று சிறப்பாக வாசிப்பேன் என்பதில் ஐயமில்லை என்று ஒப்புதல் கேட்கும் வினாவுக்கு, குருகுல மரபில் வளர்ந்த இளங்கலைஞர் முழு மதிப்பெண் இடமாட்டார், அது தலைக்கனமாகும். குருவின் ஆசி, அவன் செயல் என்றே அவர் பதில் சொல்வார். அவருடைய குறைந்த மதிப்பெண் நம்பிக்கைக் குறைவைக் காட்டுவதா, நாகரிகத்தைக் காட்டுவதா என்று மேலைநாட்டு அளவுகோலால் சொல்ல முடியாது. தோல்விக்குக் கண் பட்டதே காரணம் என்னும் குடும்பத்தாரின் விளக்கமும் இத்தகையதே. பாடநூலின்படி அது தம் கட்டுக்கு அடங்காத வெளிக்காரணம். சுற்றிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பும் வீட்டிலோ அது கட்டுக்குள் அடங்கும் காரணம். முதுநிலை ஆய்வேடுகள் பழைய வினாத்தாளைப் புதிய நூறு பேரிடம் கொடுத்துச் சராசரி எடுப்பதோடு நின்றுவிடாமல், இத்தகைய இடங்களில் நின்று ஆராய்ந்தால் துறைக்கே புதியன சேரும்.

அறநெறி

ஊரளவில் இயங்கும் விளையாட்டில் மறைகாப்பு, அதாவது ஒருவர் மனம்விட்டுச் சொன்னதைப் பிறரிடம் வெளியிடாமை, நகரத்தைக் காட்டிலும் கடினம். பி.டி. வாத்தியாரே பயிற்றுநராகவும் அணியைத் தேர்பவராகவும் சில வேளைகளில் உறவினராகவும் இருப்பார். அவரிடம் மாணவர் சொல்லும் தளர்ச்சி அடுத்த ஆட்டத்தில் அந்த மாணவரின் இடத்தைப் பறிக்கக்கூடும். ஆகவே மனப்பயிற்சி தருபவரும் அணியைத் தேர்பவரும் ஒருவராக இருக்கலாகாது என்பது இங்கே அடிப்படை விதியாக வேண்டும். செயல்திறன் குறைவுக்கும் மனநோய்க்கும் உள்ள எல்லையை அறிவதும் அதே அளவு இன்றியமையாதது. சிறந்த வீரரும் மனச்சோர்வுக்கு ஆளாவர் என்பதைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2019இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை வலியுறுத்தியது. தூக்கமின்மையும் உண்ண மறுப்பும் வாரக்கணக்கில் நீடிக்கும் ஒருவருக்கு மனக்காட்சிப் பயிற்சி தந்துகொண்டிருப்பது தவறு. அவரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பத் தெரிந்திருப்பதே கல்வியின் அடையாளம்.

முடிவுரை

தொகுத்து நோக்கினால், விளையாட்டு உளவியல் சில உறுதியான முடிவுகளையும் பல திறந்த கேள்விகளையும் கொண்ட இளந்துறை; அதன் விதிகளில் பெரும்பகுதி தமிழ் பேசும் வீரரிடமோ கலைஞரிடமோ சோதிக்கப்படாதது. காவிரிப் படுகையில் துறைகள் இருக்கின்றன, களங்கள் இருக்கின்றன, நூற்றாண்டுகளாகத் தொடரும் மேடைக்கலையும் இருக்கிறது; ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே குறை. புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓர் உளவியல் துறையும் ஓர் உடற்கல்வித் துறையும் ஓர் இசைத் துறையும் சேர்ந்து, கபடி வீரரும் நாகசுரக் கலைஞரும் தம் வாயால் சொல்லும் சொற்களிலிருந்து பதற்றத்துக்கான ஒரு தமிழ் அளவுகோலை உருவாக்கி, அதனை இரு சாராரிடமும் சோதித்து, முடிவைத் தமிழிலேயே வெளியிடுவது முதற்பணியாக அமையலாம். அதற்கு வேண்டியவை தாளும் எழுதுகோலும், மூன்று துறைகளைச் சேர்ந்தவர்கள் ஒரே மேசையில் அமரும் மனமும் மட்டுமே.